திமிங்கிலப் பல்லும் இரண்டாம் விருப்பமும்

லம்பாசா
14 பிப்ரவரி 1999

அன்பு மச்சான் பொன்சாமிக்கு,

எங்கள் பூர்வகுடிப் பிஜியர் கட்சியின் லம்பாசா கிளைப் பிரசாரக் குழு நேற்று ஒரு முடிவெடுத்தது. நாட்டின் வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டு என்று தலைவர் இரண்டு முறை சொன்னதால் உனக்கும் தெரிவிக்கிறேன். வாக்குக் கேட்டுக் கிராமத்துக்குள் நுழையும்போது எல்லாக் கட்சிகளும் யாங்கோனா வேர்க்கட்டுத்தான் கொண்டுபோகின்றன. இனி நாங்கள் திமிங்கிலப் பல் கொண்டுபோவோம். முதல் கூட்டத்தில் பல் வேண்டும் என்று தீர்மானம். இரண்டாவதில் பெரிய பல்லா சின்னப் பல்லா என்று விவாதம். மூன்றாவதில், பல்லைக் கட்டும் கயிறு புதிதாக இருக்க வேண்டும் என்று ஒரு திருத்தம்.

யோசனை என்னுடையது என்பதைத் தன்னடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன். வேரைக் கொடுத்தால் இடித்துக் கரைத்துக் குடிப்பார்கள், பேச்சைக் கேட்பார்கள், மறுநாள் அடுத்த கட்சிக்காரனின் வேரைக் குடிப்பார்கள். பல்லை ஒரு குலத் தலைவர் கை நீட்டி வாங்கிவிட்டால், அதை வைத்துக் கேட்டதை இல்லையென்று சொல்ல முடியாது.

நான் பிரசாரச் செயலாளர் ஆனது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மே மாதம் வரை விடுப்பு. உதவித் தலைமையாசிரியர் இல்லாமல் பள்ளிக்கூடம் நன்றாக நடப்பதாகக் கேள்வி. வேட்பாளர் தொமாசியின் பேச்சுகளை நான்தான் எழுதுகிறேன். சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். இந்தியர்கள்மேல் அவருக்கு எந்தக் கோபமும் கிடையாது. அவருடைய பல் டாக்டரும் கார் மெக்கானிக்கும் இந்தியர்கள். அவருடைய வக்கீல் ரகுநாத்தான் உங்கள் இந்தியர் கட்சி வேட்பாளராக அவரை எதிர்த்து நிற்கிறார். ஆனால் கோபமில்லாத வேட்பாளருக்கு டெபாசிட் திரும்பாது என்று குழு கருதுவதால், வாரத்துக்கு இரண்டு கோபம் எழுதிக் கொடுத்துவருகிறேன்.

உன் குத்தகை விஷயம். டிசம்பரில் முடிகிறது என்று பெரியப்பா இலைசாவிடம் ஞாபகப்படுத்தினேன். நிலம் எங்கள் குலத்துடையது, குலத்துக்கு அவர்தானே தலைவர். “பொன்சாமி போயிட்டா எனக்கு மாங்காய் ஊறுகாய் யாரு குடுப்பா?” என்று கேட்டார். இதைவிட உறுதியான பதிலை நிலத்துறை அலுவலகத்தில்கூட நீ வாங்க முடியாது. நிம்மதியாக இரு.

தங்கச்சி மங்கம்மாவுக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

உன் மச்சான்
பெனி


நகோரோ சாலை
23 பிப்ரவரி 1999

அன்பு மச்சான் பெனிக்கு,

கடிதத்தை பஸ் டிரைவர் கொடுத்தார். ஊறுகாய் ஜாடியைப் பெரியப்பாவுக்கு அன்றே அனுப்பிவிட்டேன். குத்தகைக்காக என்று நினைத்துவிடப் போகிறாரே என்று மங்கம்மா தயங்கினாள். இத்தனை வருஷம் எதற்காகக் கொடுத்தோம் என்று யோசித்துப் பார்த்தோம். ருசிக்காகத்தான் என்று முடிவாயிற்று.

இங்கே மழை போதும். கரும்பு நன்றாக நிற்கிறது. நீயும் நானும் மணல் சுமந்து கட்டிய வீட்டில் இந்தப் புயல் பருவத்திலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பழைய மர வீடு கூரையோடு பறந்துபோன அன்று நீதான், “இனிமே கான்கிரீட் போடுடா, இல்லன்னா வருஷா வருஷம் உன் கூரையைத் தேடி நான் கடலுக்குப் போக முடியாது” என்றாய். சுமந்ததில் உனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இப்போது பரவாயில்லையா?

எங்கள் குடியிருப்புக்குக் கட்சிக் கிளைத் தலைவராக என்னைப் போட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லத் தாமதித்தவன் நான் ஒருவன்தான். போன சனிக்கிழமை எங்கள் தென்னிந்தியர் சங்க மண்டபத்தில் வக்கீல் ரகுநாத் பேசினார். நாம் எல்லாரும் ஒன்றுசேர்ந்து அவருக்கு வாக்களிக்காவிட்டால் நம்மைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்களாம். மங்கம்மா பக்கத்தில் இருந்தவளிடம், “எந்தக் கப்பல்? எங்க போவுதாம்?” என்று கேட்டாள். “அதெல்லாம் ஜெயிச்ச பிறகு சொல்லுவாரு” என்றாளாம் அவள். சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மங்கம்மா பாஸ்போர்ட் இருக்கிற டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள்.

ஒரே ஒரு குறை. ஊறுகாய் உறுதிதான் என்றாலும், தேர்தலுக்கு முன்னால் பெரியப்பா ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வரும். நீ கேட்டால் செய்வார்.

உன் வீட்டில் லூசியானா தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
பொன்சாமி


லம்பாசா
9 மார்ச் 1999

மச்சான்,

நீ பிரபலமாகிவிட்டாய். பெயர் சொல்லாமல்தான்.

எங்கள் குழுவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. தலைவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “பெனி, ஜனங்க பயப்படவே மாட்டேங்கிறாங்கய்யா. இந்தியன் நிலத்தைப் பிடுங்கிடுவான்னு சொன்னா, எந்த இந்தியன்னு கேக்குறானுங்க. நம்ம கடைக்காரனா, பஸ் டிரைவரான்னு. ஒரு ஆளைக் காட்டணும்.” நியாயமான கோரிக்கை. பயத்துக்கு ஒரு முகவரி தேவை. எனக்குத் தெரிந்த முகவரியைக் கொடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை நகோரோ கிராமத்தில் கூட்டம். தொமாசி நான் எழுதியதை அப்படியே வாசித்தார். “ஆற்றுக்கு மேலே, நம் குலத்து நிலத்தில், குத்தகைக்கு வந்த ஒருவர் கான்கிரீட் வீடு கட்டியிருக்கிறார். போகப்போகிறவன் மரத்தில் கட்டுவான். கான்கிரீட் போடுகிறவன் எங்கே போவதாக உத்தேசம்?” நூறு தலை உன் வீட்டுப் பக்கம் திரும்பியது. நான் எழுதியதிலேயே நன்றாக வந்த பேச்சு என்று லூசியானாகூட ஒப்புக்கொண்டாள். பேச்சு முடிந்ததும் தொமாசி பல்லை இரு கையிலும் ஏந்தி, இந்த நிலம் நம் பிள்ளைகள் கைக்குத் திரும்பட்டும் என்று கேட்டார். பெரியப்பா வாங்கிக்கொண்டார். எல்லோரும் கையைக் குவித்துத் தட்டினார்கள். பிறகு யாங்கோனா ஓடியது.

கோபித்துக்கொள்ளாதே. மச்சானை மச்சான் கேலி செய்யாமல் வேறு யார் செய்வது? உங்கள் சங்கப் பள்ளியில் நாம் ஒன்றாகத் தமிழ் படித்த காலத்தில் என்னை நரமாமிசம் தின்கிறவன் என்று சொல்லி, மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்காரப் பயப்படுவது மாதிரி நடிப்பாயே, அதற்குப் பதில் என்று வைத்துக்கொள். கையெழுத்து விஷயத்தைத் தேர்தல் முடிந்த மறுநாள் பேசுகிறேன். இப்போது கேட்டால் நன்றாக இருக்காது.

பெனி


நகோரோ சாலை
21 மார்ச் 1999

அன்பு மச்சானுக்கு,

உன் கேலியைப் படித்துச் சிரித்தேன். முதல் முறை படித்தபோது.

வியாழக்கிழமை மத்தியானம் கிராமத்திலிருந்து நாலு பையன்கள் வந்தார்கள். சகியுசா உனக்குத் தெரியும், நான் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். செருப்பை வெளியே கழற்றினார்கள். வெறுங்கையோடு வரக் கூடாது என்று மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்திருந்தார்கள். “சும்மா பாக்க வந்தோம் மாமா” என்றார்கள். பிறகு உண்மையிலேயே பார்த்தார்கள், ஒவ்வொரு அறையாக.

“இந்த ரூம் எனக்கு மாமா. அது சகிக்கு” என்றான் ஒருவன்.

“எதுக்குப்பா?”

“டிசம்பருக்கு அப்புறம். அவசரமில்ல. நீங்க நிதானமா காலி பண்ணுங்க.”

சகியுசா கயிற்றில் முடிச்சுப் போட்டு உள்ளறையை அளந்தான். கட்டில் போட இடம் இருக்குமா என்று என்னிடமே கேட்டான். இருக்கும், சன்னல் பக்கம் தலை வைத்தால், என்று நானும் சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிவிட்டது.

மங்கம்மா டீ கொடுத்தாள். “அத்தை, குழாய் சொட்டுது பாருங்க. மாமாகிட்ட சொல்லி இப்பவே சரி பண்ணிடுங்க” என்று அக்கறையாகச் சொன்னான் ஒருவன். போகும்போது சகியுசா, “அந்தச் சன்னலை மட்டும் கழட்டிட்டுப் போயிடாதீங்க மாமா, நல்லா காத்து வருது” என்றான். கேலி செய்தால் சிரிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். சிரித்தேன். அவர்கள் வாசல் தாண்டிப் போன பிறகு அந்தச் சன்னலைச் சாத்தினேன்.

அவர்கள் முகத்தில் கோபம் கொஞ்சம்கூட இல்லை பெனி. கோபமாக வந்திருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன்.

தயவுசெய்து பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை பேசு. தேர்தல் வரை காத்திருக்காதே.

பொன்சாமி


லம்பாசா
30 மார்ச் 1999

மச்சான்,

கடிதம் கிடைத்த அன்றே நகோரோ போனேன். உன் வீட்டுப் பக்கம் வராமல் திரும்பினேன், மன்னித்துக்கொள். கட்சி வேனில் போயிருந்தேன்.

பெரியப்பாவிடம், “அது தேர்தல் பேச்சு பெரியப்பா” என்றேன்.

“பல்லும் தேர்தல் பல்லா?” என்றார்.

“நான் எழுதிக் கொடுத்ததுதான். சும்மா ஒரு இதுக்கு.”

“நீ எழுதினது காகிதத்துல. நான் வாங்கினது கையில. ஊரே பாத்துச்சு. இப்ப நான் பொன்சாமிக்குக் கையெழுத்துப் போட்டா, பல்லை வாங்கிட்டு ஏமாத்தினவன்னு என் குலத்தைச் சொல்லுவாங்க. உன் ஆளு இன்னொரு பல்லோட வரட்டும். கேட்டதைத் திரும்ப எடுத்துக்கிறேன்னு என் முன்னாடி உக்காந்து சொல்லட்டும். பொன்சாமி இருந்துட்டுப் போறான். அவன் போகணும்னு எனக்கு மட்டும் ஆசையா?”

லம்பாசாவுக்கு வந்து தொமாசியிடம் சொன்னேன். இரண்டு மாதமாக நிலத்தைத் தவிர வேறு எதையும் பேசாத மனிதர், “பெனி, தேர்தல் நேரத்துல நிலத்தைப் பத்திப் பேசினா தப்பா எடுத்துக்குவாங்க” என்றார். முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். அவர் வராமல் அந்தப் பல்லை யாராலும் திரும்பக் கேட்க முடியாது. நான் கேட்டால், செயலாளர் கேட்டதாக ஆகுமே தவிர, கொடுத்தவர் கேட்டதாக ஆகாது. பல் என்ற யோசனை யாருடையது என்று குழுவில் இப்போது யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. நான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

உன் மனசு கொஞ்சம் லேசாவதற்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். இந்த முறை வாக்குச் சீட்டில் இரண்டாம் விருப்பம் உண்டல்லவா? ஒரு வேட்பாளர் கடைசியாக வந்து கழிந்தால், அவர் வாக்குகள் அவருடைய கட்சி கைகாட்டுகிறவருக்குப் போகும். எங்கள் கட்சி கைகாட்டியிருப்பது ரகுநாத்தை. ஆமாம், உங்கள் ரகுநாத்தை. எங்களுக்கு உண்மையான விரோதி இன்னொரு பிஜியர் கட்சிதான். தொமாசியும் ரகுநாத்தும் ஓட்டலின் பின்னறையில் ஒரே கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடித்தார்கள். யாங்கோனா கரைத்தது நான். அவர்களுக்குள் எந்த விரோதமும் இல்லை. எனவே உனக்கும் பயமில்லை என்று எழுத வந்தேன். எழுதும்போது அது பொருந்தி வரவில்லை.

பையன்கள் அறை பார்த்த கதையை யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக ரகுநாத்திடம்.

பெனி


நகோரோ சாலை
13 ஏப்ரல் 1999

மச்சான்,

உன் கடிதம் மூன்று நாள் தாமதம்.

ரகுநாத்திடம் குத்தகைக்குச் சட்டத்தில் வழி உண்டா என்று கேட்கத்தான் போனேன். பையன்கள் வந்ததைச் சொன்னதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “பொன்சாமி அண்ணே, இது தங்கம். சனிக்கிழமை கூட்டத்துல சொல்லட்டுமா?”

“வேணாங்க. அவங்க பக்கத்துலதான் நான் குடியிருக்கணும்.”

“பேரே சொல்ல மாட்டேன்.”

பேர் சொன்னார். என் அப்பா பேரும் சொன்னார். வீட்டில் எத்தனை அறை என்பதையும் சொன்னார். பட்டப்பகலில் கொள்ளையடிக்க அளவெடுத்துப் போன திருடர்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதற்கு மண்டபமே எழுந்து நின்றது. என்னை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். கழற்றத் தெரியாமல் நின்றேன்.

திங்கட்கிழமை சகியுசா தனியாக வந்தான். வேலிக்கு வெளியே நின்றான், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. “டீ குடிச்சிட்டுத்தானே மாமா போனோம். திருடங்கன்னு டவுனுக்கே சொல்லிட்டீங்களே.” நான் சொல்லவில்லை என்றேன். “மாலை போட்டுக்கிட்டீங்களாமே” என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கிராமத்து ஆண்கள் நேராக இங்கே வந்தார்கள். வெள்ளைச் சட்டை, சுலு வேட்டி, கையில் பைபிள். வேலி ஓரமாக வரிசையாக நின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் கல் எறியவில்லை. எறிந்திருந்தால் போலீசில் என்ன சொல்வது என்றாவது தெரிந்திருக்கும். நின்றார்கள், பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள். மங்கம்மா கொடியில் காயும் துணியை எடுக்க வெளியே போகவில்லை. துணி மழையில் நனைந்தது. குழந்தையைத் தலைநகர் சுவாவில் என் மைத்துனன் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் காரணம் கேட்டார்கள், தொண்டைக் கட்டு என்று எழுதினேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வா. பேச வேண்டாம், யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். என் வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போடுகிறேன், உட்கார். அவர்கள் உன்னைப் பார்க்கட்டும். நீ அந்தக் குலத்துப் பிள்ளை. நீ உட்கார்ந்திருக்கிற வீட்டின் வேலிக்கு வெளியே அவர்கள் நிற்க மாட்டார்கள். அது உங்கள் வழக்கம், எனக்கும் தெரியும்.

பொன்சாமி


லம்பாசா
24 ஏப்ரல் 1999

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதத்தை லூசியானாவுக்கு வாசித்துக் காட்டினேன். “இன்னும் இங்க உக்காந்துக்கிட்டு என்ன செய்யுறீங்க?” என்றாள்.

அவளுக்குச் சொன்ன பதிலையே உனக்கும் எழுதுகிறேன். உன்னிடமாவது எடுபடுமா பார்க்கலாம். பிரசாரச் செயலாளர் ஒருவர், எதிர்க்கட்சிக் கிளைத் தலைவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைக் கிராமமே பார்த்தால், இதுவரை எழுதிய பேச்சுக்கெல்லாம் என்ன அர்த்தம்? குழுத் தலைவரிடம் மறைமுகமாகக் கேட்டேன். “மச்சான் உறவெல்லாம் மே எட்டாம் தேதி ஓட்டுப் போட்டதுக்கு அப்புறம் வச்சுக்கோ” என்றார். அடுத்த ஆண்டு தலைமையாசிரியர் பதவி காலியாகிறது, சிபாரிசுக் கடிதம் அவர்தான் தர வேண்டும் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன்னிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் மச்சான். அவர்கள் நிற்கட்டும். நம் ஆட்கள் கைவைக்க மாட்டார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அல்லது பிப்ரவரியில் சொல்லியிருக்க முடியும்.

ஒன்பதாம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறேன். கதவைத் தாழ்போட்டுக்கொள்ளுங்கள்.

உன்
பெனி


நகோரோ சாலை
23 மே 1999

திரு. பெனி ராவுலா,
உதவித் தலைமையாசிரியர், லம்பாசா.

ஐயா,

தேர்தல் முடிவு உங்களுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கும். உங்கள் வேட்பாளர் தொமாசி முதல் சுற்றிலேயே கழிந்தார். அவருடைய வாக்குகள், ஏற்பாட்டின்படி, ரகுநாத்துக்குச் சேர்ந்தன. நகோரோ கிராமத்து வாக்குகளும் அதில் உண்டு. ரகுநாத் இப்போது நாடாளுமன்ற உறுப்பினர். வெற்றிக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். கூட்டத்தின் தலைப்பு இன ஒற்றுமை.

ஒன்பதாம் தேதி முதல் பஸ்ஸுக்கு மங்கம்மா ரொட்டி சுட்டிருந்தாள். அன்று வாக்கு எண்ணும் வேலை இருந்திருக்கும், புரிந்துகொண்டோம். அடுத்த ஞாயிறும் இருந்திருக்கும்.

உங்கள் பெரியப்பா வேர்க்கட்டு கொண்டு வந்தார். தரையில் உட்கார்ந்து, தம்மால் குத்தகையைப் புதுப்பிக்க முடியாது என்று சொன்னார். பல் கொடுத்தவர் வந்து திரும்பக் கேட்கவில்லை, இனி வரவும் மாட்டார். ரகுநாத் பேச்சுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். தொமாசி பேச்சுக்காக அவர் கேட்டார். இருவரும் குடித்தோம். அவர் அழுதார், வயதானவர். “டிசம்பர் வரைக்கும் இருப்பா, யாரும் உன்னைத் தொட மாட்டாங்க” என்றார். மங்கம்மா அவரிடம் மரியாதையாகத்தான் கேட்டாள்: “டிசம்பருக்குள்ள இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருக்கு பெரியவரே?” அவர் எண்ணிப் பார்க்காமல் எழுந்து போனார். அன்றே சாமான் கட்ட ஆரம்பித்தோம்.

மாடுகளை விற்றாயிற்று. நாங்கள் சுவாவை ஒட்டிய நசினுவில் மைத்துனன் வீட்டுக்குப் போகிறோம். அங்கே ஓர் அறை தருகிறான்.

உங்கள் பேச்சு நன்றாக இருந்தது. மார்ச் மாதம் அந்த வெள்ளிக்கிழமை காற்று இந்தப் பக்கம் அடித்தது. சமையலறையில் நின்று முழுவதும் கேட்டாள் மங்கம்மா. ‘கான்கிரீட் போடுகிறவன்’ என்று வந்தபோது, இது பெனி அண்ணன் எழுத்து என்று அவள்தான் கண்டுபிடித்தாள். நீங்கள் எழுதித் தெரிவிக்கும் வரை என்னிடம் சொல்லாமல் இருந்தாள்.

இப்படிக்கு,
பொன்சாமி கவுண்டர்


லம்பாசா
5 டிசம்பர் 1999

மச்சான்,

நசினு முகவரிக்கு இது மூன்றாவது கடிதம். முன்னிரண்டும் திரும்பி வராததால் கிடைத்திருக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன். மைத்துனர் வீட்டில் ஓர் அறையில் எப்படிப் புழங்குகிறீர்கள்? குழந்தைக்குப் புதுப் பள்ளி பழகிவிட்டதா? நீ ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல் வேலை பார்ப்பதாக பஸ் டிரைவர் சொன்னார். அவர் யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

இங்கே எல்லாரும் சௌக்கியம். தொமாசி துறைமுக வாரியத்தில் உறுப்பினராகியிருக்கிறார். நியமனத்துக்குச் சிபாரிசு செய்தவர் ரகுநாத். எனக்குத் தலைமையாசிரியர் பதவி உறுதியாகிவிட்டது. சிபாரிசுக் கடிதத்தில், மக்களின் மனத்தை அறிந்து எழுதக்கூடியவர் என்று இருந்தது. லூசியானா அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். இப்போதெல்லாம் அவள் என்னோடு சுருக்கமாகத்தான் பேசுகிறாள்.

பெரியப்பா படுக்கையில் இருக்கிறார். உன் வீட்டில் யாரும் குடியேறவில்லை. சகியுசாவிடம் கேட்டேன். “மாமா இல்லாம அங்க படுத்தா தூக்கம் வரல சார்” என்றான். முன்பெல்லாம் என்னை அண்ணன் என்பான்.

ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி. பழையபடி நரமாமிசம் தின்கிறவன் என்றாவது எழுது. வாசலில் தபால்காரர் சைக்கிள் நிற்கும்போது நான் உள்ளறைக்குப் போய்விடுகிறேன், அவர் வராத நாளிலும் அந்த நேரத்துக்கு அப்படியே. பயம்தான், வேறு பெயர் தேடிப் பார்த்தேன்.

தங்கச்சிக்கும் குழந்தைக்கும் அன்பு.

உன் மச்சான்
பெனி

பின்குறிப்பு: சர்க்கரை ஆலையில் இந்த ஆண்டு அரவை போன வாரம் முடிந்தது. உன் நிலத்துக் கரும்பை யாரும் வெட்டவில்லை.